பழைய ஜெற்

நான்கு புகைக்குழாய்களையும் எஞ்சினோடு பொருத்தி, கடைசி நட்டை இறுக்கிவிட்டுச் சரிபுதீன் பஸ்ஸின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். கொழும்பிலிருந்து றெயிலில் வந்த குழாய்கள். பழைய வார்ப்பிரும்புக் குழாயில் நாலு சிலிண்டரின் புகையும் ஒரே வாயால் முட்டிமோதி வெளியேறும். புதியதில் ஒவ்வொன்றுக்கும் தனிவழி. மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. எத்தனை பேரை ஏற்றினாலும் பஸ் இழுக்கவேண்டும் என்று கிறகரி முதலாளி ஆசைப்பட்டு வாங்கியவை அவை.

சாரதி யாகப்பர் முன்னால் குனிந்து கைபிடியைச் சுழற்றினார். எஞ்சின் எழும்பியது. நின்றபடி நன்றாகத்தான் ஓடியது. தீவை அக்கரையோடு இணைக்கும் பாலம்வரை ஓட்டிப் பார்த்தபோது, மிதித்த உடனே காபரேற்றருக்குள்ளால் 'டப் டப்' என்று இருமியது. திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினால், சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.

"புகை லேசாப் போகுது அண்ணை. அதால காத்தும் கூட உள்ள வருது. அதுக்கேத்த பெற்றோல் வரேல்ல," என்றான் சரிபுதீன்.

காபரேற்றருக்குள் பெற்றோலை அளந்துவிடும் பித்தளை ஜெற்றைக் கழற்றி வைத்தான். அதேபோல இன்னொன்றை எடுத்து, அதன் துளையை மெல்லிய அரத்தால் மயிரளவு பெருப்பித்தான். போட்டு ஓட்டுவது, பிளக்கைப் பார்ப்பது, திரும்பவும் அராவுவது. மத்தியானச் சோற்றை மறந்துபோனான். நாலாம் தடவை பிளக் வறுத்த கோப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. இருமல் நின்றுவிட்டது.

"பஞ்சு மாதிரிப் போகுது, சரிபு!" யாகப்பர் சாரதி இருக்கையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தார்.

பின்னேரம் கிறகரி முதலாளி வந்து பெற்றோல் தாங்கிக்குள் தடியை விட்டுப் பார்த்தார்.

"முந்தினதைவிடக் கூடக் குடிக்குதே! பழைய ஜெற்றைப் போடு."

"அதைப் போட்டால் திருப்பியும் இருமும் முதலாளி. இருமினால் நெருப்புப் பின்னால வரும். காபரேற்றர் முழுக்கப் பெற்றோல்."

"நீ மெக்கானிக்கோ, சாத்திரியோ? ஏலாதெண்டாச் சொல்லு. பேசாலையில ஆள் இருக்கு."

சரிபுதீன் யாகப்பரைப் பார்த்தான். யாகப்பர் நிலத்தைப் பார்த்தார். வீட்டில் மனைவி ஆமினாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். அக்கரையில் முசலியிலிருந்து வந்தவனுக்குத் தீவில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பழைய ஜெற்றை எடுத்துப் பூட்டினான்.

"மெதுவாப் போங்கோ அண்ணை. இருமினால் மிதிக்க வேண்டாம்," என்று மட்டும் சொன்னான்.

திருவிழாவுக்கு முந்தின நாள், மடுவுக்குப் போகும் வழியில் உயிலங்குளம் தாண்டியதும் பஸ் இருமித் தீப்பற்றியது. கூரையிலும் ஆட்கள் இருந்தார்கள். யாகப்பர் பஸ்ஸை வயலோரம் நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே எஞ்சினை மூடிய பொனற்றைத் திறந்து, எரிகிற பெற்றோல் குழாயை வெறுங்கையால் பிடுங்கினார். சனம் தப்பியது. கூரையிலிருந்து குதித்த பெண் ஒருத்தி மட்டும் தலையடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

ஐந்தாம் நாள் சரிபுதீன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிறகரி முதலாளி கட்டிலருகே கதிரையில் இருந்தார். பக்கத்தில் அவருடைய கிளாக்கர், கையில் கடதாசியோடு நின்றார். யாகப்பரின் இரண்டு கைகளும் முழங்கைவரை துணியால் சுற்றியிருந்தன. மனைவி அன்ரோனெற் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு, நீயும் வந்திட்டாய்," என்றார் முதலாளி. "ஜெற் பொலிசிட்ட இருக்கு. நெருப்பு அதாலதானாம். அதை ஆர் போட்டதெண்டு கேக்கிறாங்கள்."

"நீங்கள் சொல்லித்தானே போட்டனான்?"

"நான் சொன்னதுக்குக் கடதாசி இருக்கோ? ஒண்டில் மெக்கானிக் பிழையாப் போட்டவன், இல்லாட்டி சாரதி வழியில மாத்தினவர். பொலிசுக்கு ரெண்டில ஒண்டைத்தான் எழுதிக் குடுக்கலாம்."

யாகப்பர் வாயருகே வந்த கரண்டியைத் தலையால் விலக்கினார்.

"சாரதி மாத்தினதெண்டு எழுதுங்கோ."

"வேண்டாம் அண்ணை! நான் போய் உள்ளதைச் சொல்லுறன்."

"சொன்னால் உன்னைப் பிடிப்பாங்கள், சரிபு. அவரைப் பிடிக்க மாட்டாங்கள்." குரல் மெதுவாக வந்தது. "டாக்குத்தர் சொல்லிப்போட்டார், எனக்கு இனி ஸ்டியரிங் பிடிக்கிற கையில்லை. பிடிச்சு மறியலில போட்டாலும் சோறு போடுவாங்கள். உனக்குப் பிள்ளை வரப்போகுது."

அன்ரோனெற் கஞ்சிக் கோப்பையோடு அப்படியே இருந்தாள். அவள் தன்னைப் பார்ப்பாள் என்று சரிபுதீன் காத்திருந்தான். அவள் பார்க்கவில்லை. ஒன்று சொல்ல வாயைத் திறந்தான். ஆமினாவின் முகம் வந்து நின்றது. வாய் தானாக மூடிக்கொண்டது.

கிளாக்கர் குனிந்து எழுதி, வாசித்துக்காட்டினார். யாகப்பர் ஓம் என்று தலையாட்டினார். பேனையை நீட்டிய கிளாக்கர், துணிக்கட்டுகளைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார். கைநாட்டுக்கு மைப்பெட்டியை எடுத்தார். அதையும் கையில் வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி கண்ணால் கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார்.

கிளாக்கர் போர்வையை விலக்கி, யாகப்பரின் வலதுகால் பெருவிரலில் மை பூசினார். கூச்சத்தில் கால் விலகியது. "அசையாமல் பிடியம்மா," என்றார் அன்ரோனெற்றிடம். அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, இரண்டு கைகளாலும் கணவனின் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.