ராத்திரியிலும் கழற்றாத பல்செட்

இருதயமேரி தன் நாத்தனார் சவுரியம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூறு ரூபாய். மேல்வரிசைக்குப் பல்செட் கட்ட வாங்கியது. கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் மேரி கறித்துண்டைக் கடித்து இழுக்கும்போது சவுரி எதிர்வரிசையிலிருந்து கத்தினாள்.

“பாத்துக் கடி அண்ணி! துட்டு வர்ற வரிக்கும் அது எம் பல்லு. தூங்கறப்ப வந்து எடுத்துக்கினு போயிடுவேன்.”

பந்தியே சிரித்தது. மேரியும் சிரித்துவைத்தாள். ஆனால் அன்றிலிருந்து பல்செட்டைக் கழற்றவில்லை. கழற்றி வைத்தால்தானே எவளும் எடுத்துக்கொண்டு போவாள். படுக்கும்போதும் வாயோடுதான். விடிந்ததும் அப்படியே கொப்பளித்துவிட்டு கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கக் கிளம்பிவிடுவாள்.

கொஞ்ச நாளில் மேலண்ணம் எரிய ஆரம்பித்தது. வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விடவே பயம். மணத்தக்காளிக் கீரை தின்று பார்த்தாள், தேங்காய்ப்பால் குடித்துப் பார்த்தாள். புற்றாக இருக்குமோ என்ற நினைப்பு வந்த பிறகு வெறும் கஞ்சியும் இறங்கவில்லை. கூலி கைக்கு வந்ததும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள்.

பல் டாக்டரம்மா செட்டைக் கழற்றச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தாள். தகடு உட்கார்ந்த இடம் மட்டும் அச்சுக் குத்தியதுபோல் சிவந்திருந்தது. அங்கங்கே தயிர்க்கட்டிபோல் வெள்ளை. பஞ்சால் துடைத்தால் வந்தது.

“புத்தாம்மா?”

“இல்லம்மா, பூஞ்சை. ராத்திரியில கழட்டி வைக்கிறீங்களா?”

“இல்லைங்க.”

“ஏன்?”

“கடன் தீரலைங்க.”

நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“செருப்பைப் போட்டுக்கிட்டா தூங்குவீங்க? அண்ணத்துக்கும் ஓய்வு வேணும். படுக்கறப்ப கழட்டி, பிரஷ்ஷால நல்லா தேய்ச்சு, தண்ணியில போட்டு வைங்க. எழுதித் தர்ற மருந்தை அண்ணத்துலயும் வாயோரத்துலயும் தடவுங்க. சுகரும் பாத்துடலாம். ஆனா ராத்திரி கழட்டலைன்னா எந்த மருந்தும் கேக்காது.”

மேரி மருந்தும் வாங்கவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. நேராகத் திண்டிவனம், சவுரி வீடு இருக்கும் தெருவுக்கு. அவள் தெருக்குழாயில் நின்றிருந்தாள். மேரி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டாயிரத்தை நீட்டினாள். செட்டைக் கழற்றி வாயைத் திறந்தும் காட்டினாள்.

“அடிப் பாவி! வெளாட்டுக்குச் சொன்னதுக்கா வாயப் புண்ணாக்கிக்கினு வந்து நிக்கற?”

“உனக்கு வெளாட்டு. என்னப் பாத்து பந்தியே சிரிச்சுதே.”

சவுரி பணத்தை எண்ணாமல் ஜாக்கெட்டில் செருகினாள். குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்குங்கடி! எங்க அண்ணி பல்லு எங்க அண்ணிதுதான். எனக்கு இனிமே ஒரு பைசா தர வேணாம்.”

“மீதி ஆயிரத்து நானூறு?”

“அதுல மருந்த வாங்கு, போ. ஜல்தி போ, கடய மூடிடப் போறான்.”