நோன்பு திறக்க ஒரு யுத்தச் சைரன்

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டு நீங்கியபோது, எடுத்துச் செல்ல விரும்பாதவற்றை ஏலத்தில் விட்டது. சிலர் கட்டில் வாங்கினர். சிலர் கயிறு வாங்கினர். இரும்புக் கடைக்காரர் அபூதாஹிர், கையால் சுழற்றி ஒலிக்கச்செய்யும் வான்தாக்குதல் சைரன் ஒன்றை வாங்கினார்.

நோக்கம் நல்லதே. பள்ளிவாசலில் அடிக்கும் நகரா முரசின் ஓசை, காற்று எதிராக வீசும் நாட்களில் கடலோர வீடுகளை எட்டுவதில்லை. முந்திய றமழானில் அவருடைய மனைவி லைலா, ஊர் கஞ்சி குடித்து முடித்த பிறகும் பேரீச்சம்பழத்தைக் கையில் ஏந்தியபடி காத்திருந்தார். "இந்த முறை சைரன் ஊதித்தான் நோன்பு திறப்பம்" என்று அபூதாஹிர் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டார். பள்ளிவாசலின் தலைமை நம்பிக்கையாளர் கலீலுர் றஹ்மான் ஹாஜியார் உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை.

"முதல்ல ஊதிக் காட்டு. பிறகு கதைப்பம்."

1958இல், நோன்பு தொடங்குவதற்கு முதல்நாள் முற்பகலில் அபூதாஹிர் சைரனைப் பள்ளிவாசலின் மொட்டைமாடியில் பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றினார். ஓசை உயர்ந்தது. கை சோர்ந்தது, ஓசை தாழ்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் சுழற்றினார், மீண்டும் உயர்ந்தது.

ஏறி இறங்கும் அந்த ஓசையை ஊர் மறந்திருக்கவில்லை. 1942இல், சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு மாதம் நிறையுமுன், ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பல நாள் எரிந்தது. ஊரில் பாதி காட்டுக்குள் சென்று சமைத்தது.

கடைத்தெருவில் கதவுகள் அடைபட்டன. மீன்காரர் மீனை விட்டு ஓடினார்; வாங்க வந்தவர்கள் மீனோடு ஓடினர். புடைவைக் கடைக்காரர் குணரத்தினம் யுத்தகாலத்தில் வான்தாக்குதல் பாதுகாப்புப் பணியில் ஏ.ஆர்.பி. வார்டனாக இருந்து, மக்களைப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பியவர். கூறைச்சேலை பார்க்க வந்த கலியாண வீட்டார் அனைவரையும் துணி வெட்டும் மேசைக்குக் கீழே புகுத்தினார். இடம் போதாமையால் தாம் வெளியே குந்தியிருந்தார். சலூனில் தலை மழித்துக்கொண்டிருந்த ஹாஜியார், பாதித் தலையுடன் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கினார்.

வானத்தில் காகங்களைத் தவிர எதுவும் வரவில்லை. ஹாஜியார் கழுத்தில் சலூன் துணியுடன் மொட்டைமாடிக்கு ஏறினார்.

"அபூதாஹிர்! ஜப்பான்காரன் போய்ப் பதினாறு வருஷம். திருப்பிக் கூப்பிடுறியா?"

"சோதிச்சுப் பார்த்தனான், ஹாஜியார்."

"இத ஊதினா ஆர் நோன்பு திறப்பான்? கஞ்சிச் சட்டியத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு ஓடுவான். கழட்டு!"

ஏசுவதற்கென்றே படியேறி வந்த குணரத்தினம், சைரனைக் கண்டதும் ஏச மறந்தார்.

"பிழை சைரன்ல இல்லை, ஹாஜியார். அபூதாஹிர் நானா சுத்தின விதம் பிழை. ஏறி இறங்கினா, விமானம் வருது. ஒரே சீரா நிண்டா, விமானம் போயிட்டுது, வெளியில வாங்கோ எண்டு அர்த்தம்."

"இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் ஏன் சனத்த மேசைக்குக் கீழ தள்ளினீங்கள்?"

"சத்தம் கேட்டா வார்டன் யோசிக்கக்கூடாது. தள்ளவேணும்."

ஹாஜியார் மழிக்கப்படாத பக்கத்தைத் தடவினார். "சரி. நாளைக்கு மஃரிபுக்கு ஒருதரம். சத்தம் கொஞ்சம் நெளிஞ்சாலும், சைரன் உன்ட கடைக்கே திரும்பும்."

அபூதாஹிர் சைரனைத் துணியால் சுற்றி ஓசையை அடக்கிவிட்டு, பிற்பகல் முழுவதும் சீராகச் சுழற்றப் பழகினார். கை தேறியது. வெற்றியை வீட்டில் அறிவித்தார்.

லைலா வியக்கவில்லை. "இண்டைக்கு இறைச்சிக் கறியோட சோறு திண்டிட்டுச் சுத்தினீங்க. நாளைக்கு அந்த நேரம் வயித்துல என்ன இருக்கும்?"

அபூதாஹிர் சற்று யோசித்தார். "வேற ஆரையாவது பிடிப்பன்."

"பள்ளிக்கு வாற எல்லாரும் நோன்புதானே? பகல் சாப்பாடு சாப்பிட்ட ஆளாப் பாருங்க."

அபூதாஹிர் உடனே புடைவைக் கடைக்குச் சென்றார். இருவரும் ஹாஜியாரிடம் சென்றனர். அவருடைய தலை இதற்குள் முழுமையாக மழிக்கப்பட்டிருந்தது. மனநிலையும் அதற்கேற்பச் சீரடைந்திருந்தது.

"மத்தியானம் சாப்பிடுவீங்களோ, வார்டன் ஐயா?"

"ஓம், நல்லாச் சாப்பிடுவன். ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை, விரதம். ஒரு நேரம்தான்."

"எந்த நேரம்?"

"மத்தியானம்."

"அது காணும், சுத்துறதுக்குப் போதும்," என்றார் ஹாஜியார்.

மறுநாள் சூரியன் மறைந்ததும், அபூதாஹிர் கையசைக்க, குணரத்தினம் சுழற்றினார். ஓசை எழுந்து, உயர்ந்து, அங்கேயே நின்றது. பேரீச்சம்பழத்தை ஏந்திய கைகள் ஒரு கணம் தயங்கின. ஓசை இறங்கவில்லை. யுத்தத்தைக் கண்டவர்களுக்கு, குழிகளிலிருந்து வெளிவந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தேடிய அந்த நேரம் நினைவில் எழுந்தது. தெருவில் யாரோ சிரித்தனர். கடலோர வீட்டில் லைலா உரிய நேரத்தில் பழத்தை வாயிலிட்டார்.

கீழே எல்லோரும் கஞ்சிக் கோப்பையை எடுத்த பின்னும் சைரன் நிற்கவில்லை.

"காணும், ஐயா! நிப்பாட்டுங்க!" என்று அபூதாஹிர் கத்தினார்.

"கட்டளை வராமல் நிப்பாட்ட ஏலாது!"

"இதுதான் கட்டளை!" என்றார் ஹாஜியார். "இறங்கி வாங்க, கஞ்சி ஆறுது."

குணரத்தினம் வேர்வையைத் துடைத்தவாறு வந்தமர்ந்தார். ஹாஜியார் தம் கையாலேயே ஒரு கோப்பையை அவர்முன் வைத்தார்.

"சைரன் இருக்கட்டும், அபூதாஹிர். ஆனா ஐயாவுக்குச் சுகமில்லாமப் போனா?"

"என்ர மச்சான் வருவார்," என்றார் குணரத்தினம், கஞ்சியை ஊதியபடி. "அவர் மத்தியானமே ரெண்டுதரம் சாப்பிடுறவர்."