உங்கள் பகுதியில் கிடைக்காது

"இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது" என்று செல்பேசி மறுபடியும் சொன்னது. அதைக் கட்டிலில் விட்டெறிந்தேன். என் பகுதி பொன்மலைப்பட்டி. மேட்ச் நடப்பதும் பொன்மலைப்பட்டிதான். ஆடப்போவது என் மகள் ஆன்சி. ஜன்னலைத் திறந்தால் இரண்டு தெரு தள்ளி அரங்கத்தின் தகரக் கூரை தெரியும். தோஹாவில் கிடைக்குமாம், கோலாலம்பூரில் கிடைக்குமாம், பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்த ஏதோ பனி நாட்டிலும் கிடைக்குமாம். எனக்குக் கிடைக்காது. இருபது வருஷமாக இங்கிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துப் படம் காட்டுகிற அற்புதசாமிக்குக் கிடைக்காது.

முன்பெல்லாம் இந்த ஊரில் பாஸ்கெட்பால் டோர்னமென்ட் என்றால் சிமெண்டுத் தரை, கரகரக்கும் மைக்செட், வேலி மேல் ஏறி உட்கார்ந்த கூட்டம். என் லோக்கல் சேனலில் நேரடி ஒளிபரப்பு. பிறகு இந்த லீக் வந்தது. மரத்தரை போட்டார்கள், கண்ணாடி போர்டு மாட்டினார்கள், பெண்களுக்கும் அணி அமைத்துச் சம்பளம் கொடுத்தார்கள். தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராகப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக்கொண்டிருந்த ஆன்சி வேலையை விட்டுவிட்டு அணியில் சேர்ந்தாள். இந்த வருஷம் ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரீமிங் கம்பெனி வந்து கடல் தாண்டிக் காட்டும் உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டது. இந்தியாவுக்கான உரிமை மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறதாம். அந்தக் கம்பெனியின் நேர வசதிக்காக, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், மதியம் மூன்று மணிக்கு மேட்ச். திட்டலாம் என்றால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அந்த ஸ்ட்ரீமிங்கைப் பார்த்துத்தான் ஜப்பானிலிருந்து ஒரு கிளப் ஆன்சியைப் பற்றி விசாரித்திருக்கிறது. ஃபைனலையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம்.

அரங்கத்துக்கு நேரில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனேன். லீக் தொடங்கிய முதல் நாள், எப்போதும்போலக் கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போய், எப்போதும் நிற்கிற மூலையில் நின்று, எப்போதும்போல லோக்கல் சேனலுக்கு இணைப்பு கொடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டி, "வாங்கண்ணே" என்று ஒரு நாற்காலி வேறு எடுத்துப் போட்டார். உரிமை, ஒப்பந்தம் எல்லாம் பேப்பரில் படித்தவன்தான். ஆனால் அது என் மூலைக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாதி மேட்ச் முடிவதற்குள் எந்தத் தேசத்திலோ குளிர்சாதன அறையில் இருந்த ஒருவன் அதைக் கண்டுபிடித்து ஃபோன் போட்டுவிட்டான். எங்கள் அணியின் மேனேஜர் பிரஹலாத் ஓடிவந்தான். ஸ்ரீரங்கத்துப் பையன். அவன் பள்ளிக்கூடத்தில் வினாடி வினாவில் ஜெயித்ததைக்கூட என் சேனலில்தான் காட்டினேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்ரிமென்ட்ல ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கு. இந்த சீசன் முடியற வரைக்கும் நீங்க உள்ள வர வேண்டாம். மறுபடி இப்படி ஆச்சுன்னா லீக்லேருந்து டீமையே எடுத்துடுவாங்க."

வீட்டில் ஆன்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "குறுக்கு வழி எதுவும் வேணாம்ப்பா. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழுவப் போனாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் எந்தத் தில்லுமுல்லும் செய்யாமல், கையைக் கட்டிக்கொண்டு, மகள் ஃபைனல்வரை வந்ததைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று ஃபைனல். எதிரணி மதுரை. என் மனைவி லூர்துராணி ஜெபமாலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பினாள். போகும்போது, "நீங்க இங்கயே இருந்து ஜெபம் பண்ணுங்க. கேட்டாண்ட வந்து நிக்காதீங்க, புள்ள ஆட்டத்த விட்டுட்டு உங்களப் பாத்துட்டே நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு ஸ்ரீரங்கத்திலிருந்து ஃபோன். ஆன்சியோடு ஆடுகிற மாதுரியின் அம்மா, வேதவதி. முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கிறார்.

"நம்பெருமாள் புறப்பாட்டையெல்லாம் ஆத்துல இருந்தே சேவிக்கப் பண்றேள். எங்க மாதுரி ஆடறத மட்டும் காட்டமாட்டேங்கறேளே."

"என் பொண்ணையே எனக்குக் காட்ட மாட்டேங்கறாங்க மாமி" என்றேன். "அப்போ ஆர்தான் பாக்கறா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்தபோதுதான் ஆசீர் ஞாபகம் வந்தது.

ஆசீர் லூர்துராணியின் தம்பி. தோஹாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை லீவு. கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தவனை எழுப்பி, அந்த ஸ்ட்ரீமிங்கை டிவியில் போடவைத்து, வீடியோ காலில் ஃபோனை டிவிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். இது குறுக்கு வழியில் சேருமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மைத்துனன் வீட்டு டிவியை எட்டிப் பார்ப்பதை எந்த அக்ரிமென்ட் தடுக்கும்?

"மாமா, இதுல ஆன்சி எது? மஞ்சளா, நீலமா?"

"டேய், உங்க அக்கா மகடா."

"சின்னப் புள்ளையில, கோயில்ல புதுநன்மை வாங்கறப்ப பாத்தது மாமா. எல்லாம் ஒசரமா இருக்குதுங்க."

ஃபோனை நேராகப் பிடிக்க அவனுக்குப் பொறுமையே இல்லை. முதல் குவார்ட்டரில் பாதி நேரம் அவன் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்தேன். பிறகு அவன் பிரியாணித் தட்டைப் பார்த்தேன். இருந்தாலும் நடுநடுவே நீலச் சட்டையில் ஆன்சி ஓடினாள், நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு, வீட்டில் நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு. அந்த முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஜன்னல்தான் தொல்லையாகப் போயிற்று. கூரைப் பக்கமிருந்து திடீரென்று ஓர் இரைச்சல் கிளம்பும். ஆசீரின் டிவியில் அப்போது யாரோ குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள். அரை நிமிடம் கழித்துத்தான் பந்து கூடைக்குள் விழும். இரண்டு தெரு தாண்டி வரவேண்டிய படம் எந்தெந்தக் கடலையோ சுற்றிக்கொண்டு தோஹாவில் இறங்கி, பிரியாணி வாசனையோடு என்னிடம் வந்து சேர வேண்டியிருந்தது. எதுவோ நடந்துவிட்டது என்று முன்கூட்டியே தெரியும், என்ன நடந்தது என்று தெரியாது. இதைவிடக் கொடுமை இல்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கடைசி குவார்ட்டர் தொடங்கியதும் கரண்டு போயிற்று. ஃபேன் நின்றது. அரங்கத்துக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, அவர்களுக்குக் கவலையில்லை. வேர்வை சொட்டி ஃபோன் திரை முழுக்க ஈரமானது. பனியனால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தோம். நேரம் அநேகமாக முடிந்துவிட்டது. மாதுரி கொடுத்த பந்தை வாங்கி உள்ளே நுழைந்த ஆன்சியை மதுரைப் பெண் ஒருத்தி இடித்துத் தள்ளினாள். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. சமம்.

"அவுட்டா மாமா?" என்றான் ஆசீர்.

ஆன்சி கோட்டில் நின்றாள். ஒன்று போதும். ஜப்பான்காரர் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பாள். செக்யூரிட்டி பார்க்கிறார், சோடா விற்கிறவன் பார்க்கிறான். நான் பார்க்கிற ஆன்சி அரை நிமிடத்துக்கு முந்தைய ஆன்சி. இப்போது இருக்கிற என் மகள் அந்தக் கூரைக்கு அடியில் இருக்கிறாள். அவள் இருக்கிற நேரத்திலேயே நானும் இருக்க வேண்டும். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலைத் தள்ளினேன்.

இரைச்சல் அப்படியே அறைக்குள் வந்தது. மேளம் அடித்தார்கள். எங்கள் ஆட்களும் மேளம் கொண்டு போயிருந்தார்கள், மதுரைக்காரர்களும் கொண்டு வந்திருந்தார்கள். எது யாருடையது, பந்து விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தெருவில் பைக்கில் போன ஒருவன் வண்டியை நிறுத்திக் கூரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாமா சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஃபோன ஆட்டாம புடி."

அவன் ஆட்டாமல் பிடித்தான். ஆன்சி உள்ளங்கையை டவுசரில் துடைத்துக்கொண்டு, பந்தை இரண்டு முறை தரையில் தட்டி, தலையைத் தூக்கிக் கூடையைப் பார்த்தாள்.