ஆல்வாவுக்கு ஒரே வீடு

யூட்டாவில், இரண்டு மனைவி கட்டியவர்களைச் சர்க்கார் தேடிப் பிடித்த அந்த வருஷங்களில், வாசலில் ஒரு புதுமுகம் தெரிந்தால் போதும், இரண்டாம் மனைவிகளெல்லாம் வேலைக்காரிகளாக மாறிவிடுவார்கள். சிஸ்ஸெல் அதில் கைதேர்ந்தவள். அன்று காலை சீஸுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள், மழுமழுவென்று மழித்த முகத்தோடு ஓர் ஆள் வேலிக்கதவைத் திறப்பதைப் பார்த்தாள். கைது பண்ண வரும் மார்ஷலின் ஆளேதான் என்று முடிவு கட்டினாள். பிள்ளைகள் ஒன்பது பேரையும் பின்பக்கமாகச் சோளக்கொல்லைக்கு விரட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் இங்க வேலைக்கு இருக்கிறவ. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. அவர் பேருகூட எனக்குச் சரியாத் தெரியாது."

"பேரு ஆல்வா," என்றார் வந்தவர். "உன்னைக் கட்டிக்கிட்டுப் பதினோரு வருஷமாச்சு."

குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது. சிறையில் தாடியை மழித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் அவ்வளவு பெரிய தாடிக்குள் இத்தனை சின்ன மோவாய் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்! இரண்டு மனைவிகளோடு குடித்தனம் நடத்திய குற்றத்துக்கு ஆறு மாதம் போட்டு, ஒழுங்காக நடந்துகொண்டார் என்று சில நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்களாம். மூத்தவள் டிர்ஸா பக்கத்து ஊரில் பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கினாள். நடந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இவர்கள் வீடு ஒரே கூரை, இரண்டு வாசல். ஆல்வா ஒரு வாரம் இந்த வாசல், ஒரு வாரம் அந்த வாசல். முதல் இரண்டு வருஷம் பெண்கள் இருவரும் எலியும் பூனையுமாக இருந்தது ஊருக்கே தெரியும். பிறகு சிஸ்ஸெல் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, அவள் கைக்குழந்தைக்குத் தன் குழந்தையோடு சேர்த்துப் பால் கொடுத்தவள் டிர்ஸா. அதோடு சண்டை தீர்ந்தது. மாடும் சீஸும் பிள்ளைகளும் சிஸ்ஸெல் பொறுப்பு. பள்ளத்தாக்கில் பிறக்கிற குழந்தைகளெல்லாம் டிர்ஸா பொறுப்பு. புருஷனுக்குத்தான் முறை வைத்திருந்தார்களே தவிர, இவர்களுக்குள் ஒரு முறையும் கிடையாது.

மதியம் பிள்ளைகளுக்குப் போட்டு அனுப்பிய பிறகு, ஆல்வா உருளைக்கிழங்கைத் தொடாமலே பேச ஆரம்பித்தார். மறுபடி பிடித்தால் இன்னும் ஆறு மாதம் உள்ளே போகவேண்டும். பயிர் தாங்காது, தானும் தாங்கமாட்டேன் என்றார். சட்டம் ஒத்துக்கொள்கிற மனைவி டிர்ஸா மட்டும்தான். அதனால் சிஸ்ஸெலையும் அவள் பிள்ளைகள் நாலு பேரையும் அரிசோனாவில் இருக்கும் தன் தம்பி பண்ணைக்கு அனுப்பிவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாராம். வண்டியில் ஒரு மாதப் பயணம். மாவும் துணியும் தவறாமல் அனுப்புவாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, மனுஷன் நல்லவர்தான்.

சிஸ்ஸெல் மேசையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கூட்டி எடுத்தாள். போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? காலையில்தானே வேலைக்காரி என்று தன் வாயாலேயே சொன்னாள். காகிதத்தில் அவளுக்கு இந்த வீட்டில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லை. ஆல்வா இல்லாமல் ஆறு மாதம் ஓட்டியாயிற்று, இனியும் ஓட்டலாம். ஆனால் விடிந்ததும் டிர்ஸாவின் குரல் கேட்காத ஒரு வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது?

டிர்ஸா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு பொம்பளைங்க ஒரு வீட்ல இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயாவது எழுதியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. சட்டம் ஆம்பளையைத்தான் பிடிக்குது."

"அப்ப கிளம்ப வேண்டியது நீங்கதானே? மேட்டு மேய்ச்சல்ல குடிசை சும்மாத்தான் கெடக்கு. பிள்ளைங்களை ஞாயித்துக்கிழமை சபையில பாருங்க, எவன் கேப்பான்?"

ஆல்வா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தலைவன் சொல்கிறபடிதான் குடும்பம் என்று ஏதோ முனகினார்.

அவர்கள் சபையில் இரண்டாம் கல்யாணம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெண்ணின் கையைப் பிடித்துப் புருஷன் கையில் வைக்க வேண்டியவள் முதல் மனைவி. அவள் வைக்காமல் கல்யாணம் இல்லை. டிர்ஸா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இவ கையை உங்க கையில வச்சது யாரு? நான். அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிச்சு, தெரியுமா? இப்ப நடுங்கல." மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, சிஸ்ஸெலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எடுத்துக்கிட்டேன்."

ஆல்வா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு தொப்பியை எடுத்தார். தாடி வளர்கிற வரைக்குமாவது இங்கே இருக்கக் கூடாதா, மேட்டில் குளிருமே என்று கேட்டார். கம்பளிச் சால்வை தருவதாக டிர்ஸா சொன்னாள். சிஸ்ஸெல் எழுந்து ரொட்டியும் சீஸும் கட்டிக்கொடுத்தாள். மனுஷன் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். ஆனாலும் வேலியருகே பிள்ளைகள் மேலே வந்து விழுந்தபோது சிரித்துவிட்டார்.

"அக்கா," என்றாள் சிஸ்ஸெல். "நான் போயிருந்தா அவர் உங்களுக்கு மட்டும்னு ஆயிருப்பாரே. எந்த மூத்தவ வேண்டாம்பா?"

"மொத ரெண்டு வருஷம் அதுக்குத்தான் தினமும் முட்டி போட்டு வேண்டினேன்," என்றாள் டிர்ஸா. "கடவுள் நிதானமா, இன்னிக்குத்தான் குடுக்க வந்தாரு. புருஷனை உங்கூடப் பங்கு போட்டுக்கிட்டேன், போட்டுட்டுப் போறேன். உன்னை எவனுக்கும் பங்கு குடுக்க மாட்டேன் பிள்ளே."

சிஸ்ஸெலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டிர்ஸா அவளை அழவிட்டு, ஆல்வா தொடாமல் வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்கை இரண்டு தட்டிலும் சரிபாதியாக வைத்தாள்.