இரண்டு சதவீதம்

மகள் பட்டியலிலிருந்து விண்டோஸ் எக்ஸ்பியை அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார். இனித் திறக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது. டாக்டர் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்?

“எதை அடிக்கிறே?”

“எக்ஸ்பியைப்பா. ரெண்டு சதவீதம்தான். மொத்தமே பதினோரு கம்ப்யூட்டர்.”

“அது யார் யார்னு தெரியுமா?”

“எல்லாம் கிழடு.”

“கம்ப்யூட்டரா, ஆளுங்களா?”

“ரெண்டும்தான்.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு போய்விட்டார். ஒரு சண்டையை அவர் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை.

செயற்கைக் கால் செய்கிறவர்களுக்காக முப்பது வருடம் முன்பு அவர் எழுதிய மென்பொருள் அது. மிச்சமிருக்கும் காலின் அளவைக் கொடுத்தால், அதைச் செருகிக்கொள்ளும் கிண்ணத்தை எப்படிக் குடைவது என்று செதுக்கும் இயந்திரத்துக்குச் சொல்லும். இப்போது அதைப் புதிய கம்ப்யூட்டர்களுக்கு மாற்றி எழுதுகிறாள் மகள். எக்ஸ்பியையும் சுமந்தால் மூன்று மாதம் கூடுதல் வேலை. விட்டால், புதிய கோப்பு எதுவும் அந்தப் பதினோரு பட்டறைகளில் திறக்காது. எந்தெந்தப் பதிப்புகள் என்று மாலைக்குள் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

வீடு நான்காவது மாடி. லிஃப்ட் துக்கத்துக்கு விடுப்பு எடுத்திருந்தது.

மதியம் படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு டக், ஒரு இழுப்பு, மறுபடி டக். பிறகு பத்து டக். பிறகு எண்ண முடியவில்லை. நூற்று எழுபத்து மூன்று பேர் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். அவர் பொய் சொல்கிறவர், குறைத்துத்தான் சொல்லியிருப்பார்.

முதலில் வந்த அம்மாள் பட்டறைக்காரி. அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்களுது எக்ஸ்பிதாம்மா. செதுக்குற மெஷின் வேற எதோடயும் பேசாது. என் வீட்டுக்காரர் மாதிரி ரோஷக்காரன்.”

பின்னால் ஒரு தபால்காரர், ஒரு டீச்சர், பெயிண்டுக் கறையோடு ஒருவர். வேர்த்திருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

“இவங்கல்லாம்?”

“நம்ம மெஷின்ல கால் செஞ்சுக்கிட்டவங்க.”

“பதினோரு பட்டறையிலேர்ந்தும் வந்திருக்காங்களா?”

“இல்லம்மா. இது என் ஒருத்தி பட்டறை. மத்தவங்க தூரம். நாளைக்குத்தான் வந்து சேருவாங்க.”

போன் அடித்தது. மகள் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“கஷ்டமான நேரம்தான், மன்னிச்சுக்கோம்மா,” என்றார் அலுவலகத்து அண்ணன். “பட்டியல் மட்டும் சொல்லிடேன்.”

“எக்ஸ்பி இருக்குண்ணே.”

“மூணு மாசம் ஆகுமே!”

“ஆகட்டும்.”

கீழேயிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.