மாமா யார் பக்கம்?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் காலையில் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிடும். "இந்த வீட்டில் அனுமதி பெறாத ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லும். நான் "பிறகு நினைவூட்டு" என்பதை அழுத்திவிட்டுப் பல் தேய்க்கப் போவேன்.

முதலில் கம்ப்யூட்டர் மட்டும்தான் சொன்னது. பிறகு மிக்சியும் சொல்ல ஆரம்பித்தது. சட்னி அரைத்து முடித்ததும் அதே குரல், அதே வாக்கியம். கிரைண்டர் பழைய மாடல் என்பதால் முனகியதோடு சரி. ஃப்ரிட்ஜ்தான் மோசம். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "உங்க ஃப்ரிட்ஜ் பேசுறது எங்க பெட்ரூம் வரைக்கும் கேக்குது சார், சீக்கிரம் எதாவது பண்ணுங்க" என்றார். அவர் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. எப்படி இருக்கும்? அங்கே அவரைத் தவிர யாருமே இல்லை.

எங்கள் வீட்டில் நான், என் மனைவி சுகந்தி, மாமா. மாமா சுகந்தியின் பக்கத்துச் சொந்தம். நாங்கள் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று, கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பால் பொங்கும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து இருக்கிறார். ஹாலில் ஜன்னலோர மூலை அவருடையது. பை அங்கே ஆணியில் தொங்கும். வீட்டுக்கு வந்தவரை எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அதைக் கேட்க ஒரு தனி முகம் வேண்டும். எனக்கு அந்த முகம் இல்லை.

மாமா நல்லவர். குழாய்க்கு வாஷர் மாற்றுவார். ரேஷன் கடையில் போய் நிற்பார். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். சுகந்தி கோபமாக இருந்தால், நான் செருப்பைக் கழற்றும்போதே கண்ணால் சாடை காட்டிவிடுவார். இவ்வளவு நல்லவர் மேல் எனக்கு ஓர் எரிச்சல் இருந்தது. அந்த மூலையில் ஒரு கம்ப்யூட்டர் மேசை போட ஆசைப்பட்டிருந்தேன். எச்சரிக்கை வரும்போதெல்லாம் என் கண் தானாக அங்கே போகும். உடனே அதை இழுத்துக்கொள்வேன். திருடி மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

எச்சரிக்கையைக் கேட்டு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கவலைப்பட்டவர் மாமாதான்.

"இத இப்படியே விடக் கூடாது மாப்ள. சுகந்தி தாயி தனியா இருக்கிற நேரமெல்லாம் இருக்கு. நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் பாத்துப் போட்டுருவோம்."

"நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன் மாமா."

"உங்களுக்குப் பாத்து வாங்கத் தெரியாது. கத்திரிக்காயே சொத்தையா வாங்கிட்டு வருவீங்க."

அதற்குள் சட்டையை மாட்டிவிட்டார்.

கடை பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஆன்டிவைரஸ்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுப்பதுபோல எங்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தார்கள்.

முதல் ஆள் இலவசம். ஒல்லியாக, பணிவாக இருந்தான். மாமா அவனிடம் ஊர் பெயர் கேட்டார். "சொல்றேங்க, அதுக்கு முன்னாடி என்னை மேம்படுத்திக்கிறீங்களா?" என்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னான். மாமா பாவப்பட்டு அவனுக்கு ஒரு பஜ்ஜி கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

இரண்டாவது ஆள் பெரிய உருவம். "இவரு வந்தா வீடு கொஞ்சம் ஸ்லோவாகும்" என்றார் கடைக்காரர். "சோறு வேகவே சாயங்காலம் ஆயிரும். ஆனா பத்திரமா வேகும்."

மூன்றாவது ஆள் நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், உங்க வீடு இப்பவே ஆபத்துல இருக்கு! இப்பவே! உடனே என்னைக் கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினான். நான் எழுந்துவிட்டேன். மாமா என்னை உட்கார வைத்தார்.

"நம்ம பயத்தை வச்சுப் பொழைக்கிறவன் மாப்ள இவன். இவன்தான் முதல் ஆபத்து. வேண்டாம்."

கடைசி நாற்காலியில் சஃபாரி உடுப்புப் போட்ட ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெயர் பரஞ்சோதி. மாமா அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாத் தேடுவீங்களா?"

"மூலை முடுக்கெல்லாம் தேடுவேன்."

"கெட்டதை மட்டும்தான் பிடிப்பீங்க?"

"தெரியாததைப் பிடிப்பேன்."

"அது போதும்" என்றார் மாமா. "இவரையே எடுத்துக்குவோம் மாப்ள. ஆளு ஒழுங்கா இருக்காரு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். பரஞ்சோதியின் சூட்கேசை மாமாதான் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் மாடிப்படி அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் எங்கள் தளம் இன்னும் ஒரு தளம் மேலே போய்விட்டிருந்தது. மாமா சூட்கேசைக் கை மாற்றி மாற்றித் தூக்கினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

பரஞ்சோதி ஹால் நடுவில் உட்கார்ந்து, "நிறுவிக்கொண்டிருக்கிறேன், யாரும் அசையாதீர்கள்" என்றார். அசையாமல் நின்றோம். சுகந்தி கையில் கரண்டியோடு நின்றாள். பிறகு, வீட்டை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும் என்றார். எல்லோரும் வெளியே போய்ப் பூட்டினோம். மறுபடி திறந்தோம். மாமா மட்டும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

தேடல் தொடங்கியது. பரஞ்சோதி மிளகாய்ப்பொடி டப்பாவை முகர்ந்தார். சுகந்தியின் புடவை மடிப்புகளை எண்ணிப் பார்த்தார். என் தலையணையை உதறினார். கல்யாண ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். குழுவாக எடுத்த படத்தில், எனக்கும் சுகந்திக்கும் சரியாக நடுவில், பின்னால் மாமா நின்றிருந்தார். பரஞ்சோதி அதன்மேல் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்து மாமா எல்லோருக்கும் காபி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இவர் யார்?"

"மாமா" என்றேன்.

"மாமா" என்றாள் சுகந்தியும்.

"யார் பக்கம்?"

நான் சுகந்தியைப் பார்த்தேன். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"அவங்க பக்கம்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

ஃப்ரிட்ஜ்கூட வாயை மூடிக்கொண்டது. மாமா காபித் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அடுப்புல பால் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அணைத்துவிட்டு வந்தார்.

"நிஜமாவே உங்க சைடு இல்லையா?" என்று சுகந்தி என் காதில் கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துல உங்க அப்பாகூட நின்னு பேசிட்டிருந்தாரே."

"அப்பா அவரை உங்க ஆளுன்னு நெனச்சுல்ல பேசினாரு!"

பரஞ்சோதி தொண்டையைச் செருமினார். "அனுமதி, தனிமை, நீக்கம். மூணுல ஒண்ணு சொல்லணும்."

"அனுமதிக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டாம். யாராவது ஒருத்தர் 'எங்க ஆளு'ன்னு சொன்னாப் போதும்."

எங்க ஆளு. அவ்வளவுதான். சுகந்தி சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் என் கண் மறுபடி மூலைக்குப் போனது. மேசை கச்சிதமாகப் பொருந்தும். அந்த நிமிடத்தில் இதைத்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதைத்தான் நினைத்தேன்.

எங்களை அந்த இக்கட்டிலிருந்து மாமாதான் காப்பாற்றினார்.

"தனிமையே போடுங்க சார். அதுலன்னா வேணும்கிறப்ப திரும்ப எடுத்துக்கலாமாமே. கடையில சொன்னாங்க."

ஆணியிலிருந்து பையை எடுத்தார். தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பாத்ரூம் குழாயை ரொம்ப முறுக்காதீங்க மாப்ள, வாஷர் தேஞ்சிருக்கு" என்றார். "வர்றேன் தாயி" என்றார். பரஞ்சோதி அவரை பீரோ இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தனியாக வந்தார்.

"உங்கள் வீடு பாதுகாப்பாக இருக்கிறது" என்றது கம்ப்யூட்டர். மிக்சியும் ஃப்ரிட்ஜும் அதையே சொன்னன. மேல்வீட்டுக்காரர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

பரஞ்சோதி ஜன்னலோர மூலையில் உட்கார்ந்துகொண்டார். மேசை போட இடமில்லை. வீடும் ஸ்லோவாகிவிட்டது. குக்கர் விசில் பாதியில் நின்று யோசித்தது. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த சுற்றுக்கு அவரைப் பார்த்தது. நான் குழாயை ரொம்ப முறுக்கிவிட்டேன். அது சொட்டிக்கொண்டே இருந்தது. சுகந்தி மூன்று பேருக்கு உலை வைத்தாள். மூன்றாவது தட்டை எடுத்து வைத்துவிட்டு, திரும்ப உள்ளே கொண்டுபோனாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்."

"எனக்கு அவர் உங்க ஆளு. நான் எப்படி முந்திக்கிட்டுச் சொல்றது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னிடம் இல்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

"தனிமை எங்கே இருக்கு?" என்று பரஞ்சோதியிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுக்குள்ளதான். பீரோவுக்குப் பின்னால."

பீரோவை நகர்த்தினேன். ஒரு நடைவழி தெரிந்தது. இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தார்கள். நடக்க நடக்க அது நீண்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் கையில் ஒரு மஞ்சள் பை இருப்பதைக் கவனித்தேன். உள்ளே என் சட்டை ஒன்றும் பல் பொடியும் இருந்தன. நடை முடியும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது.

வாசலில் மேசை போட்டு பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பே எப்படி வந்தார் என்று கேட்கவில்லை. மேசையில் சந்தனமும் கல்கண்டும் இருந்தன. என்மேல் பன்னீர் தெளித்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"மாமாவை."

"பேரு?"

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே சோப்பில் குளித்தோம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

"பேரு தெரியலைன்னா கூப்பிட்டுப் பாருங்க" என்றார் பரஞ்சோதி.

உள்ளே போனேன். மண்டபம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்கு ஒருவராக, மடியில் பையோடு, வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா!" என்று கூப்பிட்டேன்.

மண்டபமே எழுந்து நின்றது. எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. ஓரத்தில் குனிந்து, ஒரு ஜக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். குழாயை அளவாக மூடினார். "யாரோ மாப்ள வந்து கூப்பிடுறாரு, உங்கள்ல யாருன்னு பாருங்கப்பா" என்று மற்றவர்களிடம் சொன்னார். தன்னைக் கூப்பிட ஆள் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மாமா.

அவரை நோக்கி நடந்தேன். அப்போது மண்டபத்தின் ஒலிபெருக்கியில் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் கேட்டது.

"இந்த மண்டபத்தில் அனுமதி பெறாத ஒருவர் இருக்கிறார்."

பரஞ்சோதி எழுந்து உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார். "இவர் யார்?" என்று மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார்.

எழுந்து நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா ஜக்கும் டம்ளருமாக என் எதிரே வந்து நின்றார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். என்னை அவருக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தெரிந்தது. உள்ளே எடுத்ததும் அவர் நினைவில் இருந்த எல்லாவற்றையும் துடைத்திருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இவரா?" என்றார் மாமா. "எங்க ஆளுதாங்க."

பரஞ்சோதி கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். ஒலிபெருக்கி அடங்கியது. மாமா ஒரு நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"பையைக் குடுங்க தம்பி, ஆணியில மாட்டுறேன். வெயில்ல வந்திருப்பீங்க. தண்ணி குடிங்க."

குடித்து முடித்தேன். அவர் எதுவும் கேட்காமல் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.