முன் சீட்டில் முசே

வண்டிக்குள் இருந்தவர்கள், பூனையையும் சேர்த்து, ஐந்து பேர். ஓட்டுகிற இடத்தில் மணப்பெண் சாலிஹா. அவளுக்குப் பின்னால், அடுப்பு மேடையை ஒட்டிய பெஞ்சில் ஜன்னலோரமாக மாப்பிள்ளை பஷீர் அகமது. அவன் பக்கத்தில், மடியில் அட்டையும் அட்டையின் மேல் கோடு போட்ட காகிதமுமாக, அவனுடைய தாய்மாமன் ஹாஜா மைதீன். கடைக்கோடியில் மடக்குக் கட்டிலில் பெண்ணின் தாய் ஹமீதுன்னிசா. அவர் காலடியில் தூக்குச்சட்டி நிறைய, மாவில் இறால் பதித்துப் பொரித்த வாடா. முன் சீட்டில், பெரியவர்கள் உட்கார வேண்டிய இடத்தில், முசே.

முசே என்பதுதான் பூனை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் துரைமாரைக் கூப்பிட்ட பெயர். ஆறு கிலோ எடையோடு அதுவும் துரை மாதிரியேதான் உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே சைகோன் முழுவதும் தனக்கு வரி பாக்கி வைத்திருப்பதைப் போல ஒரு பார்வை.

ஹாஜா மைதீன் வந்திருந்தது வீடு பார்க்க. காரைக்காலில் அவர் குடும்ப வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பார். நகை முன்பின் இருக்கலாம், வீடு இல்லாமல் நிக்காஹ் இல்லை. ஹமீதுன்னிசாவோ சைகோனில் கான் ஹொய் பக்கம் வாடகைக்கு இருப்பவர். இந்த ஊர் விலைக்கு அவரால் ஒரு ஜன்னல் வாங்க முடியும், அதற்குச் சுவர் வாங்க முடியாது. தூ டுக்கில் இன்ஜினியராக இருக்கும் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். பதினாறு பேர் போகிற பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பூனைக்கு மண் தட்டு எல்லாம் அவள் கையாலேயே பொருத்தினாள். தாய் காசு கொடுத்து மகள் பேரில் பதிந்தார். "இதுதான் என் மகளுக்கு நான் குடுக்குற வூடு" என்று காரைக்காலுக்குச் சொல்லியும் விட்டார்.

பஷீரின் தாய் ரஹ்மத் நிஷா தன் அண்ணனுக்கு ஏழு கேள்விகள் அனுப்பியிருந்தார். பதில் காகிதத்தில் வர வேண்டும். போனில் சொன்னால் அது பேச்சு, காகிதத்தில் வந்தால்தான் வார்த்தை என்பது அவர் கட்சி. ஹாஜா மைதீன் மறுநாள் மகனைப் பார்க்க மலேசியா போகிறார். ஊர் திரும்ப மூன்று மாதமாகும். ஆகவே இன்றே எழுதி, இன்றே தபாலில் சேர்க்க வேண்டும். ஹமீதுன்னிசாவைக் கான் ஹொயில் இறக்கிவிட்டுப் பெரிய தபால் நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு.

"புள்ள, வாசக்கதவு எந்தத் தெசயப் பாத்து ஈக்குது?"

"இப்ப வடக்கு மாமு. இடது பக்கம் திரும்புனா மேற்கு."

வாசல் வடக்கு, சில சமயம் மேற்கு என்று ஹாஜா மைதீன் எழுதினார். தண்ணீர் வசதிக்கு நாற்பது லிட்டர் என்று போட்டார். அக்கம்பக்கத்தார் எப்படி என்ற கேள்விக்கு வந்தபோது வண்டி சிக்னலில் நின்றது. சுற்றிலும் இருநூறு மோட்டார் சைக்கிள். மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் ஜன்னலில் தலையை நீட்டி, பூனைக்குக் கும்பிடாத குறையாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

"இங்கத்துக் கணக்குல இது பூனை வருசம், நானா" என்று ஹமீதுன்னிசா அண்ணன் முறை வைத்து விளக்கினார். "நம்ம முசேக்கு இந்த வருசம் மவுசு."

அக்கம்பக்கத்தார்: நிறைய. சிரித்த முகம். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறுகிறார்கள்.

ஏழாவது கேள்வியை ரஹ்மத் நிஷா இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். என் மகன் எங்கே உட்காருவான்?

பஷீர் மாமாவைப் பார்த்தான். மாமா முன் சீட்டைப் பார்த்தார். அடுத்த சிக்னலில் எழுந்து போய், "முசே, கொஞ்சம் நவுந்து குந்துங்க" என்று மரியாதையாகவே கேட்டார். முசே ஒரு கண்ணைத் திறந்து, அவருடைய வேட்டிக் கரையை மதிப்பிட்டு, திரும்ப மூடிக்கொண்டது. பூனையை அடித்து விரட்ட அவருக்கு மார்க்கத்திலும் வழியில்லை, மனசிலும் தைரியமில்லை.

"மாமு, வண்டி ஓடுறப்ப அது அங்கேதான் ஈக்கும்" என்றாள் சாலிஹா. "வேற எடத்துல வெச்சா வாந்தி எடுக்கும். தா லாத் மலை ஏறுறப்ப உம்மா மடியில வெச்சுப் பாத்தோம்."

"புதுச்சேல" என்றார் ஹமீதுன்னிசா.

ஹாஜா மைதீன் திரும்பி வந்து பேனாவை எடுத்தார். எழுதுவதை வாய்விட்டு வாசிப்பது அவர் வழக்கம். "ஏழு. மாப்பிள்ளைக்கு இடமில்லை. பூனைக்கு இருக்கிறது. ஆகவே இதை வீடு என்று சொல்ல முடியாது."

சாலிஹா கண்ணாடியில் அவரைப் பார்த்தே பேசினாள்.

"மாமு, இந்தக் காயிதம் போனா மாமி வேணாண்டுருவாஹ. இவரு உம்மா சொல்லத் தாண்ட மாட்டாரு. நான் வண்டிய விக்க மாட்டேன், முசேய உட மாட்டேன். அப்பறம் நிக்காஹ் இல்ல. தெரிஞ்சே எழுதுங்க."

"நான் பாத்தததான் எழுதுவேன் புள்ள" என்றார் அவர்.

கான் ஹொய் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் கடல்நீர் ஏற்றம் வேறு. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பாலத்தடியில் கொஞ்சம் மேடான இடத்தில் சாலிஹா வண்டியை ஒதுக்கி நிறுத்தினாள். ஹமீதுன்னிசா வாடாவைப் பகிர்ந்து வைத்தார். பஷீர் கை கழுவித் திரும்புவதற்குள், வண்டி நின்றதும் சீட்டை விட்டு இறங்கிய முசே, அவன் தட்டிலிருந்த நான்கு வாடாவின் மேலும் பதித்திருந்த இறாலை மட்டும் ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தின்றிருந்தது. மாவைத் தொடவில்லை.

பஷீர் பின் யுவோங் செருப்புத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். நாளெல்லாம் குறை கண்டுபிடித்து அடக்கமாகக் குறித்துக்கொள்கிறவன். இன்றைக்கு அடக்கம் போய்விட்டது.

"இந்தச் சனியன உங்க உம்மாட்ட உட்டுட்டு வா. வூடுண்டா ஆம்புளைக்கிண்டு ஒரு எடம் வேணும். மாமு சொல்றதுல என்ன தப்பு?"

சாலிஹா எழுந்து வந்து பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள்.

"எறங்குங்க."

"மழ பேயுது."

"தெரியும். எறங்குங்க."

இறங்கினான். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தாய்மாமன் என்ற முறையில் ஹாஜா மைதீன் ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். வாயையும் திறந்தார். அதற்குள் ஜன்னல் வழியே மருமகனைப் பார்த்துவிட்டார். கணுக்கால் தண்ணீரில், கையில் கழற்றிய சப்பாத்துடன், ஒரு காலில் பாரம் போட்டு நின்றான் பஷீர். தானாகத்தான் வெளியே வந்தோம் என்பது போல வானத்தைப் பார்த்தான். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யாரோ கடந்தபோது, குனிந்து டயரைத் தட்டிச் சோதிப்பது போலப் பாவனை செய்தான்.

ஹாஜா மைதீனுக்கு அந்த நிலை அத்துப்படி. முப்பத்து நாலு வருஷமாக மனைவி வீட்டில் இருக்கிறார். பதினோரு தடவை வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்: கேட்காமல் பீரோவை நகர்த்தியதற்கு ஒரு தரம், மாமியாரின் ரேடியோவைத் தொட்டதற்கு இரண்டு தரம், மற்றவற்றுக்குக் காரணமே தெரியாது. ஒவ்வொரு தடவையும் தெருவில் நின்று கேட்டின் கீலை ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறார். அந்தத் தெருவிலேயே அவ்வளவு பரிசோதிக்கப்பட்ட கீல் வேறு கிடையாது.

"ஏம்மா" என்று ஹமீதுன்னிசாவிடம் அவருடைய மறைந்த கணவரைப் பற்றி மெல்லக் கேட்டார், "மர்ஹூம் உங்க வூட்டுக்காரவுஹளும்...?"

"நாலு தரம், நானா" என்றார் ஹமீதுன்னிசா, வாடாவை மென்றபடி. "ஒரு தரம் நோம்புப் பெருநாள் அண்டைக்கு."

கதவு தட்டப்பட்டது.

"சாலிஹா... தண்ணி ஏறுது."

"முசே எங்க குந்தும்?"

பஷீர் சப்பாத்தை மறு கைக்கு மாற்றினான்.

"முன்னாடி."

"நீங்க?"

"பெஞ்சுல. ஆனா மாமு பக்கத்துல, ஜன்னலோரமா."

தாழ்ப்பாள் விலகியது. அவன் தலையில் ஒரு துண்டு வந்து விழுந்தது, கூடவே இரண்டு முழு வாடாவும் தட்டில் வந்தன. முசே அதற்குள் தன் சீட்டுக்குத் திரும்பியிருந்தது.

ஹாஜா மைதீன் எழுதிய காகிதத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புதுக் காகிதம் எடுத்தார். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கி, ஆறு கேள்விக்கும் ஏற்கெனவே சொன்ன பதிலையே எழுதினார். ஏழாவதற்கு வந்தபோது வாய்விட்டு வாசித்தார்.

"ஏழு. இந்த வண்டியில் கதவு இருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. தாழ்ப்பாள் பெண் கையில் இருக்கிறது. உன் மகன் வெளியே மழையில் நின்றதையும், கேட்டுக்கொண்டு உள்ளே வந்ததையும் என் கண்ணால் கண்டேன். இதற்கு மேல் வீட்டுக்கு என்ன லட்சணம் வேண்டும்? அவன் பெஞ்சில் உட்காருவான். நானும் அப்படித்தான்."

பஷீர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சாலிஹா வைப்பரை ஓடவிட்டாள். கண்ணாடியைத் துடைக்க வைப்பர் போதும், அவள் கண்ணைத் துடைக்கக் கை வேண்டியிருந்தது.

தண்ணீர் வடிந்து, ஹமீதுன்னிசாவை இறக்கிவிட்டு, தபால் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. ஹாஜா மைதீன் கவுண்டரில் பசை வாங்கி உறையின் வாயில் தடவினார். அவர் சட்டைக் கையிலிருந்து முசேயின் பழுப்பு முடி ஒன்று பசையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனார், பிறகு விட்டுவிட்டார். மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, விலாசத்தை இன்னொரு தரம் சரிபார்த்து, தபால் தலை ஒட்டி, கவுண்டர்ப் பெண்ணிடம் நீட்டினார். அவள் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த பையில் போட்டாள்.